முகாமில் எல்லா வசதியும் உண்டு... விண்மீன்கள் எங்கே?



ஒவ்வோர் ஆண்டும் பள்ளி முகாமுக்கு முன்பாகப் பெற்றோர்க்கு விளக்கக் கூட்டம் நடத்துவது எங்கள் வழக்கம். அக்கூட்டத்தில் எழும் வினாக்களைச் சில ஆண்டுகளாகக் குறிப்பேட்டில் எழுதி வைத்து வருகிறேன். "தங்கும் அறையில் குளிர்சாதனம் இருக்கிறதா?" "கழிப்பறை அறைக்குள்ளேயா, வெளியேயா?" "குளிக்கச் சுடுநீர் வருமா?" "கைப்பேசிக்கு மின்னூட்டம் செய்ய இடமுண்டா?" இவற்றோடு தவறாமல் வரும் வினா ஒன்று உண்டு. "இரவு முழுக்க விளக்கு எரியும் அல்லவா, ஐயா?"

இவ்வினாக்களை நான் எள்ளி நகையாடவில்லை. என் சொந்தப் பிள்ளைகளை அனுப்பும்போது நானும் இவற்றைத்தான் கேட்டேன். பெற்ற மனம் அப்படித்தான். ஆனால், அந்தக் கடைசி வினாவுக்கு மட்டும் 2024-ஆம் ஆண்டு வரை நான் சொல்லி வந்த விடை வேறு. இன்று சொல்லும் விடை வேறு. "ஆம், விடிய விடிய எரியும். கவலை வேண்டாம்" என்று அன்று சொன்னேன். "எரியும், ஆனால் ஒரு மணி நேரம் மட்டும் அணைக்கப் போகிறோம்" என்று இன்று சொல்கிறேன். ஏன் இந்த மாற்றம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

கித்தான் கூடாரமும் மண்ணெண்ணெய் விளக்கும்

நான் கலந்துகொண்ட முதல் முகாம் 1989-இல் நடந்தது. அப்போது நான் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டு மாணவன். முகாம் நடந்த இடம் பெரிய காடு எதுவுமன்று. எங்கள் பள்ளித் திடலுக்குப் பின்னால், பால்மரக் காட்டை ஒட்டி ஓடிய ஆற்றங்கரைதான். கட்டணம் தலைக்கு இரண்டு வெள்ளி. அதையும் கொடுக்க முடியாதவர்கள் ஒரு சுண்டு அரிசி கொண்டுவந்தார்கள்.

கூடாரம் பழைய கித்தான் துணி. அதன் நாற்றம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது. மழை பெய்தபோது உள்பக்கமாகத் துணியைத் தொடக்கூடாது என்று ஆசிரியர் எச்சரித்தார். தொட்ட இடத்தில் நீர் சொட்டத் தொடங்கிவிடும். யாராவது ஒருவன் தொடாமல் இருப்பானா? தொட்டான். ஆறு பேரும் நனைந்தோம். கீழே விரிக்கச் சாக்கு. போர்த்திக்கொள்ள அப்பாவின் கைலி. அட்டைக்கு உப்பு. பாம்புக்குக் கூடாரத்தைச் சுற்றிக் கந்தகப் பொடி. பாம்புகள் அதை மதித்தனவோ இல்லையோ, எங்களுக்கு அது பெரிய ஆறுதல். இரவு உணவு சார்டின் குழம்பும் அடிப்பிடித்த சோறும். மங்குக் குவளையில் மைலோ. கழிப்பறை என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை. மண்வெட்டி ஒன்று இருந்தது.

வெளிச்சத்திற்கு இரண்டு மண்ணெண்ணெய் விளக்குகள். எங்கள் தோட்டத்தில் மின்னாக்கிப் பொறி இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். அது நின்றதும் தொலைவில் தெரிந்த லயத்து விளக்குகளும் அணைந்துபோயின. இரவுக் காவலுக்கு இருவர் இருவராக முறை வைத்தார்கள். என் முறை நள்ளிரவுக்குப் பின் வந்தது. அச்சத்தில் வயிற்றைப் பிசைந்தது. தரையைப் பார்த்தால் பேய் வருமோ என்று பயந்து வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழை விட்டுத் துடைத்துவிட்டாற்போன்ற வானம். தலைக்கு நேர் மேலே வெள்ளைப் புகைபோல ஒரு பட்டை. மேகம் என்றே எண்ணினேன். அது கலையவில்லை. மறுநாள் பாட்டியிடம் கேட்டேன். அவர் மரம் சீவும் தொழிலாளி. விடிவெள்ளி எழுந்ததைப் பார்த்துப் பெரட்டுக்குக் கிளம்பியவர். "அது மேகமில்லடா, அம்புட்டும் மீனு" என்றார்.

பால்வீதியை நான் கற்றது அப்படித்தான்.

பழையது எல்லாம் நல்லதா?

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். "அந்தக் காலத்தில் நாங்கள் எப்படியெல்லாம் வளர்ந்தோம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொகுசு" என்று பாட்டுப் பாடுவது என் நோக்கமன்று. எங்கள் முகாமில் வசதி இல்லாமற்போனதற்குக் காரணம் வறுமையேயன்றி வேறில்லை. அம்முகாம் முடிந்து மூன்று மாணவர்கள் வயிற்றுப்போக்கால் ஒரு வாரம் படுத்தார்கள். ஆற்று நீரைச் சரியாகக் கொதிக்க வைக்கவில்லை. எலியின் சிறுநீர் கலந்த நீரால் உயிரையே பறிக்கும் நோய் வரக்கூடும் என்பதெல்லாம் எங்களுள் எவருக்கும் தெரியாது. பெண்பிள்ளைகளுக்கு முகாமே கிடையாது. கழிப்பறை இல்லாத இடத்திற்கு அவர்களை எப்படி அனுப்புவது?

இன்று தூய குடிநீர் உண்டு. பூட்டக்கூடிய கழிப்பறை உண்டு. முதலுதவிப் பெட்டியும் பயிற்சி பெற்ற பொறுப்பாளரும் உண்டு. ஆண் பெண் இருபாலரும் முகாமுக்கு வருகின்றனர். இவை யாவும் முன்னேற்றம். இவற்றுள் ஒன்றையும் விட்டுக்கொடுக்க நான் ஒப்பமாட்டேன்.

பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோர் கொள்ளும் அச்சத்திற்கும் வலுவான காரணமுண்டு. 2022 திசம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் சிலாங்கூர், பாத்தாங் காலியில் முகாம் தளத்தின்மீது மண்சரிந்து 31 பேர் மாண்டனர். குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். பள்ளி விடுமுறையில் மகிழ்ச்சியாகக் கூடாரம் அடித்துத் தூங்கியவர்கள் அவர்கள். அந்நிகழ்வுக்குப் பிறகு, "இடம் பாதுகாப்பானதா?" என்று ஒரு தாய் கேட்டால் அதற்கு ஆசிரியர் முகம் சுளிக்கக் கூடாது. மலைச்சரிவா, ஆற்றோரமா, மழைக்காலமா என்று ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லியாக வேண்டும்.

ஆகவே, என் வழக்கு வசதிகளுக்கு எதிரானதன்று. வசதிகளைச் சேர்த்துக்கொண்டே போன நாம், யாரும் கேட்காமலேயே ஒன்றைத் தொலைத்துவிட்டோம். அதைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு காசும் செலவாகாது. அதுதான் இருட்டு.

"அது விமானமா, ஐயா?"

2024 சூன் தொடக்கத்தில் எங்கள் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களை ஒரு முகாம் மையத்திற்கு அழைத்துச் சென்றோம். நல்ல இடம். சுற்றிலும் காடு. ஆனால், திடலின் நான்கு மூலைகளிலும் உயரமான கம்பங்களில் வெள்ளொளி விளக்குகள். இரவு ஒன்பதரை மணிக்குத் திடலில் எறும்பு ஊர்வதைக்கூடப் பார்க்கலாம். பாசறைத்தீ நிகழ்ச்சிக்கு மூட்டிய தீயே அவ்வெளிச்சத்தில் சோகையாகத் தெரிந்தது.

அப்போது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி தென்கிழக்கே மரங்களுக்கு மேல் கைநீட்டி, "அது விமானமா, ஐயா? செவப்பா இருக்கு. நகரவே இல்ல" என்று கேட்டாள்.

பார்த்தேன். விமானமன்று. தேள் விண்மீன் குழுவின் நடுவிலுள்ள செந்நிற விண்மீன். "அது விண்மீன், அம்மா. அதன் பெயர் கேட்டை" என்றேன்.

அவள் முகம் மாறியது. "கேட்டையா? அது என்னோட நட்சத்திரம், ஐயா. அது கெட்ட நட்சத்திரம்னு பாட்டி சொல்லுவாங்க."

பெற்றோர்களே, இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. கேட்டையில் பிறந்த பெண் மூத்த மைத்துனனுக்கு ஆகாது, மூலத்தில் பிறந்தவள் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்று நம் வீடுகளில் இன்றும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். பதினொரு வயதுக் குழந்தை தன் விண்மீனைப் பற்றி அறிந்திருந்தது அந்த ஒரு செய்தியை மட்டுமே. அது வானத்தில் எங்கே இருக்கிறது, என்ன நிறம், எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆசிரியனாகிய நானும் சொல்லவில்லை.

முகாம் மையத்தின் இரவுக் காவலரிடம் சென்று, திடல் விளக்குகளைச் சிறிது நேரம் அணைக்க இயலுமா என்று கேட்டேன். அவர் வயது முதிர்ந்த மலாய்க்காரர். முதலில் தயங்கினார். பிறகு இருபது நிமிடம் என்று ஒப்புக்கொண்டார். விளக்குகள் அணைந்ததும் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். சிலர் அழுதார்கள் என்பதையும் மறைக்க மாட்டேன். கைப்பேசி வெளிச்சங்களை ஒவ்வொன்றாக அணைக்கச் செய்யவே ஐந்து நிமிடம் ஆயிற்று. தார்ப்பாயில் எல்லாரையும் படுக்கச் சொன்னோம். சிறிது சிறிதாக அமைதி வந்தது. பிறகு எண்ணத் தொடங்கினார்கள். "அங்க ஒன்னு... இங்க மூனு... ஐயோ, நெறைய இருக்கு!"

அந்தக் காவலர் எங்கள் அருகில் வந்து நின்றார். தெற்கே தாழ்வாக நின்ற தென்சிலுவையைக் காட்டி, "அது பிந்தாங் பாரி" என்றார். பாரி என்றால் திருக்கை மீன். அவருடைய தந்தையார் திரங்கானுவில் கடலுக்குச் செல்பவராம். தென்திசை அறிய அதைத்தான் பார்ப்பாராம். என் மாணவர்கள் அந்தப் பாக்சிக்கிடம் மலாயில் கேள்விமேல் கேள்வி கேட்டதை வகுப்பறையில்கூட நான் கண்டதில்லை.

அந்த மாணவியிடம் சென்று சொன்னேன்: "நீ பிறந்த நாளில் நிலா அந்த விண்மீனுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு அவ்வளவுதான் பொருள். அந்த விண்மீன் நம் சூரியனைவிடப் பல நூறு மடங்கு பெரியது. அதைக் கொண்டுவந்து சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால், செவ்வாய்க்கோள் சுற்றும் பாதையும் அதற்குள் அடங்கிவிடும். அதன் ஒளி நம்மிடம் வந்து சேர ஏறத்தாழ 550 ஆண்டுகள் ஆகின்றன."

அவள் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவ்ளோ தூரத்துல இருந்துகிட்டு யாருக்கு என்ன கெடுதல் செய்யும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

என் குற்றம்

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஐந்தாம் ஆண்டு அறிவியலில் நிலவின் பிறைகளும் விண்மீன் குழுக்களும் பாடமாக இருக்கின்றன. பெலாந்திக், பாரி, பீடூக், ஸ்கோர்ப்பியோ ஆகிய நான்கையும் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். புள்ளிகளை இணைத்து வரைகிறார்கள். முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். நான் கற்பித்த இத்தனை ஆண்டுகளில் எத்தனை மாணவர்களுக்கு அவற்றை வானத்தில் காட்டினேன்? அந்த 2024 முகாம் வரை ஒருவருக்கும் இல்லை! பால்வீதியைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்குக் கிடைத்ததை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்காமல் படத்தாளைக் கொடுத்துவிட்டேன்.

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் எங்களுக்கும் முகாம்கள் நடந்தன. முடிச்சுப் போடக் கற்றோம். கூடாரம் அடிக்கக் கற்றோம். மதிப்பீட்டுத் தாள் நிரப்பவும் கற்றோம். அண்ணாந்து பார்க்க யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

இதில் தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு இன்னொரு வேதனையும் உண்டு. நம் திங்கள்களின் பெயர்கள் பலவும் விண்மீன்களின் பெயர்களே. எந்த விண்மீனருகே நிலா முழுமை அடைகிறதோ அதை ஒட்டித் திங்களுக்கும் திருவிழாவுக்கும் பெயர் வந்தது. தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், சித்திரைப் பௌர்ணமி, வைகாசி விசாகம், திருக்கார்த்திகை என நாம் கொண்டாடும் விழாக்களை எண்ணிப் பாருங்கள். பத்துமலைக்குக் காவடி எடுத்துச் செல்கிறோம். பூசம் எங்கே இருக்கிறது என்று எத்தனை பேர் கைகாட்ட முடியும்? திருமண மண்டபத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் சடங்கில், மணமக்கள் பார்ப்பது மண்டபத்தின் கூரையை! ஐயர் கைகாட்டுகிறார், மணமகள் தலையாட்டுகிறாள், எல்லாரும் அட்சதை தூவுகிறோம்.

நமக்குக் கோடை இல்லை, ஆனாலும்...

முகாம் என்பது மேலை நாட்டாரின் கோடைக்கால வழக்கம். பேடன் பவல் 1907 ஆகத்தில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கொண்டு நடத்திய முகாமே சாரணர் இயக்கத்தின் தொடக்கம். ஆனால், இங்கிலாந்தில் கோடை இரவு மிகவும் குறுகியது. சூன் மாதத்தில் இலண்டனில் நள்ளிரவிலும் வானம் முற்றாக இருள்வதில்லை. அங்குள்ள சிறுவன் விண்மீன் பார்க்க வேண்டுமானால் உறங்கும் நேரத்தைத் தாண்டி விழித்திருக்க வேண்டும்.

நம் நாடு நிலநடுக்கோட்டை ஒட்டியது. ஆண்டு முழுதும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேர இரவு நமக்கு உண்டு. சூன் தொடக்கத்தில் கோலாலம்பூரில் இரவு ஏழேகால் மணிக்குச் சற்றுப் பிறகு கதிரவன் மறைகிறான்; எட்டரை மணியளவில் வானம் முழுதாக இருண்டுவிடுகிறது. ஏழு வயதுக் குழந்தைகூடப் பார்த்துவிட்டு ஒன்பதரைக்குப் படுக்கப் போகலாம். போதாததற்கு, வடவானம் தென்வானம் இரண்டும் நமக்கே சொந்தம்.

மே இறுதியிலும் சூன் தொடக்கத்திலும் இரவு ஒன்பது மணிக்குத் திறந்த வெளியில் நின்று பாருங்கள். தெற்கே தாழ்வாகத் தென்சிலுவை. வடக்கே எழுமீன்; மலாய்க்காரர்கள் அதைப் பீடூக், அதாவது படகு என்கிறார்கள். அந்த எழுமீனின் வாற்பகுதியில் நடுவே உள்ள விண்மீனை உற்றுப் பாருங்கள். அதனருகே ஒட்டினாற்போல் மங்கலாக இன்னொன்று தெரியும். அதுதான் அருந்ததி. நல்ல கண்ணுக்குத் தெரியும். கூரையைப் பார்த்துத் திருமணம் செய்துகொண்டவர்கள் இப்பொழுதாவது பார்க்கலாம்!

இனி, மேற்கிலிருந்து கிழக்காகத் தலையைத் திருப்புங்கள். மேற்கு வானில் பாதி உயரத்தில் மகம். அதற்கு மேலே, தலையுச்சிக்குச் சற்று மேற்கில் உத்திரம். உச்சியை ஒட்டி வெண்ணீலமாகச் சித்திரை. அதற்கு வடகிழக்கே பொன்னிறத்தில் பளிச்சென்று சுவாதி. சித்திரைக்கும் அடிவானத்திற்கும் இடையே விசாகம். தென்கிழக்கில் செந்நிறக் கேட்டை. மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என நம் நாள்காட்டியே ஒரு கயிறுபோல வானத்தில் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கிறது! பூசமும் மேற்கில் தாழ்வாக இருக்கும். ஆனால் அது மங்கலான கூட்டம். நல்ல இருட்டு இருந்தால் மட்டுமே கண்ணுக்குத் தென்படும். தைப்பூசத்தன்று முழுநிலவு அதனருகே நிற்பதால் நிலவொளியில் அது மறைந்துபோகும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

தமிழ்த் திங்கள்களின் பெயரை மனனம் செய்ய வைக்கும் ஆசிரிய நண்பர்களே, இதைவிடச் சிறந்த பயிற்றுத் துணைப்பொருள் எங்கே கிடைக்கும்?

வானம் நமக்காகக் காத்திருக்காது

"இந்த ஆண்டு வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்வோர்க்கு ஒரு செய்தி. 2011 முதல் 2022 வரை, பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பொதுமக்கள் வெறுங்கண்ணால் பார்த்துப் பதிவுசெய்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளை அறிவியலாளர்கள் ஆராய்ந்தனர். முடிவு 2023 சனவரியில் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. இரவு வானம் ஆண்டுக்கு ஏறத்தாழ 9.6 விழுக்காடு வெளிச்சமாகிக்கொண்டு போகிறதாம். அக்கணக்குப்படி, 250 விண்மீன்கள் தெரியும் இடத்தில் பிறந்த குழந்தைக்குப் பதினெட்டு வயது ஆகும்போது அதே இடத்தில் 100 மட்டுமே தெரியும்.

2016-இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடமோ, மாந்தருள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர்க்குப் பால்வீதி தெரிவதில்லை என்று காட்டியது. அண்டை நாடான சிங்கப்பூரில் மக்கள் அனைவருமே, கண்கள் இருளுக்கு முழுமையாகப் பழக முடியாத அளவு வெளிச்சமான வானத்தின்கீழ் வாழ்கின்றனர் என்றும் அது கூறியது. அங்குள்ள ஆசிரிய நண்பர்கள், பிள்ளைகளைச் சற்றுத் தொலைவுக்குத்தான் அழைத்துச் செல்ல வேண்டும். நமக்கோ இன்னும் உள்நாட்டிலேயே இருண்ட இடங்கள் இருக்கின்றன. அங்கே போய் நாமே விளக்கைப் போட்டுக் கெடுத்துக்கொள்கிறோம்!

ஒரு தந்தையின் கேள்வி

முகாம் முடிந்த மறுநாள் ஒரு மாணவனின் தந்தையார் புலனத்தில் செய்தி அனுப்பினார். "பிள்ளைகளை இருட்டில் படுக்க வைத்தீர்களாமே! பாம்பு கடித்திருந்தால் யார் பொறுப்பு?"

முதலில் எனக்குச் சினம் வந்தது. பிறகு எண்ணிப் பார்த்தபோது அவர் கேட்டதில் நேர்மை இருப்பதை உணர்ந்தேன். அன்று நான் முன்னேற்பாடு எதுவும் செய்யவில்லை. பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவிக்கவில்லை. அந்த இடத்தைப் பகலில் சோதிக்கவில்லை. உணர்ச்சி வேகத்தில் செய்தேன். நல்லவேளையாக ஒன்றும் நடக்கவில்லை. "தங்கள் கேள்வி சரியானது, ஐயா. முன்னரே சொல்லாதது என் தவறு" என்று மறுமொழி அனுப்பினேன். அவர் என் கருத்தை இன்றுவரை முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால், அடுத்த முகாமுக்கும் மகனை அனுப்பினார். அதுவே எனக்குப் போதும்.

அவருடைய கேள்வியிலிருந்து நான் கற்றதைக் கீழே வரிசைப்படுத்துகிறேன். மற்றப் பள்ளிகளுக்கும் பயன்படலாம்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள். அமாவாசையை ஒட்டிய நாள்களே சிறந்தவை. சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியைப் பார்த்தாலே போதும். முழுநிலவுக் காலத்தில் விண்மீன் பார்க்கச் சென்றால் ஏமாற்றமே மிஞ்சும்.

2. பெற்றோரிடம் முன்னரே சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எத்தனை ஆசிரியர்கள் உடனிருப்பார்கள் என்பதை எழுத்தில் கொடுங்கள். விரும்புகிற பெற்றோரையும் அழையுங்கள்.

3. இடத்தைப் பகலிலேயே சோதியுங்கள். புல் வெட்டிய திடலாக இருக்கட்டும். மரத்தடியும் ஆற்றோரமும் வேண்டாம். தார்ப்பாய் விரியுங்கள். எல்லாரும் காலணி அணியட்டும். தலைகளை எண்ணிக்கொள்ளுங்கள், விளக்கை அணைக்கும் முன்னும், போட்ட பின்னும்.

4. கைவிளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டுங்கள். செவ்வொளி மங்கலாக இருந்தால் இருளுக்குப் பழகிய கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. கண்கள் இருளுக்கு நன்றாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். இடையில் ஒருவன் கைப்பேசியைத் திறந்தால் அவன் கண்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு மணி நேரம் வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

5. கழிப்பறைக்குச் செல்லும் வழியில் மட்டும் விளக்கு எரியட்டும். அச்சப்படும் குழந்தையை இருட்டில் இருக்கக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஓர் ஆசிரியர் அக்குழந்தையோடு வெளிச்சத்தில் இருக்கலாம். அச்சம் தானே தெளிந்து அது வந்து சேர்ந்துகொள்ளும்.

6. பாடம் நடத்தாதீர்கள்! ஐந்து விண்மீன்களைக் காட்டினால் போதும். பயிற்சித்தாள் வேண்டாம். அறிக்கை எழுதச் சொல்லவும் வேண்டாம். அவரவர் பிறந்த விண்மீன் அப்போது வானில் இருந்தால் அதைக் காட்டுங்கள். "நல்லது, கெட்டது" என்ற பேச்சை அங்கேயே புதைத்துவிட்டு வாருங்கள்.

7. மேகம் மூடினால் வருந்தாதீர்கள். நம் நாட்டில் அது அன்றாட நிகழ்ச்சி. புகைமூட்டக் காலமும் உண்டு. இருட்டில் கேட்கும் ஒலிகளைக் கேட்கச் சொல்லுங்கள். மறுமுறை பார்க்கலாம்.

தொலைநோக்கி வேண்டாம். மானியம் வேண்டாம். தீர்மானம் போட வேண்டாம். வேண்டியது ஒரு விசையை அணைக்கும் துணிவும், அதற்கு முன் செய்ய வேண்டிய பொறுப்பான ஏற்பாடும்தான். பிள்ளைகள் குளிர்சாதன அறையிலேயே உறங்கட்டும். சுடுநீரிலேயே குளிக்கட்டும். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவர்களுக்கு வானத்தைக் கொடுப்போம்.

நிறைவாக ஒன்று. உச்சிக்கு வடகிழக்கே பொன்னிறத்தில் ஒளிரும் சுவாதி நம்மிடமிருந்து ஏறத்தாழ 37 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. இன்றிரவு நாம் காணும் அதன் ஒளி ஏறக்குறைய 37 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. கைலியைப் போர்த்திக்கொண்டு, பேய்க்குப் பயந்து, நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தை ஒட்டிக் கிளம்பிய ஒளி அது. எங்கள் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. பள்ளி இடம் மாறிவிட்டது. பாட்டியும் இல்லை. அந்த ஒளி மட்டும் எங்கும் நில்லாமல் வந்து, இப்பொழுது என் மாணவர்களின் கண்களைச் சேர்கிறது; நாம் நடுவே விளக்கைப் போட்டு மறைக்காமல் இருந்தால்!

அடுத்த விளக்கக் கூட்டத்தில், "விளக்கை எப்போது அணைப்பீர்கள், ஐயா?" என்று ஒரு பெற்றோராவது கேட்பார் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

சிந்திப்போம், செயல்படுவோம்.

அன்புடன்,
தமிழ்ப்பள்ளி ஆசிரியன்